கைக்கணினி வாங்கலாமா? – மாணவர் நோக்கில் ஒரு மதிப்பீடு

கைக்கணினி அல்லது பலகைக் கணினி (டேப்லெட்) என்பது தனி விசைப்பலகையோ சுட்டியோ இல்லாமல், தொடுதிரையைக் கொண்டே இயக்கப்படும் தட்டையான கணினி. இது திறன்பேசியைவிடப் பெரியது, மடிக்கணினியைவிட இலேசானது. திரையின் அளவு பெரும்பாலும் 8 முதல் 13 அங்குலம் வரை இருக்கும்.

தமிழ்நாடு அரசின் 2025-26ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் உள்ள "அல்லது" சிறிய சொல்தான். ஆனால் சொந்தப் பணத்தில் ஒரே ஒரு கருவி வாங்கக்கூடிய குடும்பத்திற்கு அது பெரிய முடிவு. தவறாக வாங்கினால், மாற்றி வாங்க இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் படிப்பே முடிந்துவிடும்.

இக்கட்டுரையின் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடலாம். கைக்கணினி படிப்பதற்கு மிகச் சிறந்த கருவி. கையால் எழுதுவதற்கும் வரைவதற்கும் நல்ல கருவி. ஆனால் ஒரு வேலையைத் தொடங்கி முடித்துக் கொடுப்பதற்குக் குறையுள்ள கருவி. எனவே அது இரண்டாவது கணினியாக இருக்கத் தகுந்தது. முதலும் கடைசியுமான கணினியாக அதை வாங்கும் மாணவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றம் அடைவர். இதற்கான காரணங்களையும் விதிவிலக்குகளையும் கீழே காண்போம்.

எண்ணமும் கருவியும்

கையில் ஏந்திச் செல்லும் கணினி என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆலன் கே 1972ஆம் ஆண்டிலேயே "டைனாபுக்" என்ற கருவியைக் குழந்தைகளுக்காகக் கற்பனை செய்து எழுதினார். புத்தகம் போல் எடுத்துச் செல்லத்தக்க அந்தக் கருவியில் திரையோடு விசைப்பலகையும் இருந்தது. குழந்தைகள் பிறர் செய்ததைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், தாமே நிரல் எழுதிப் புதியவற்றை ஆக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

2000களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் இயங்குதளத்தில் எழுதுகோலால் இயங்கும் கணினிகளை முன்வைத்தது. அவை கனமானவை, விலை மிகுந்தவை, பொதுமக்களிடம் பரவவில்லை. 2010ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ஐபேடை வெளியிட்ட பிறகே கைக்கணினி வீடுகளுக்குள் வந்தது. அது வெற்றி பெற்றதற்குக் காரணம் எளிமை. அந்த எளிமைக்காக விசைப்பலகை போயிற்று. விரும்பிய மென்பொருளை நிறுவும் உரிமை செயலிக் கடைக்குள் அடங்கிற்று. அன்று விட்டுக்கொடுத்தவை இன்றைய மாணவரின் மேசையில் குறைகளாக வந்து நிற்கின்றன.

நிறைகள்

1. படித்தல்

தமிழ் படிப்பவருக்குக் கைக்கணினியின் முதன்மையான பயன் இதுவே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், நூலகம் திட்டம் போன்றவற்றில் உள்ள பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கம் பக்கமாக வருடி எடுத்த பிடிஎஃப் கோப்புகள். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களும் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. இத்தகைய பக்கங்களில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கம் முழுவதையும்தான் பெரிதாக்க முடியும். ஆகவே திரையின் அகலமே வாசிப்பைத் தீர்மானிக்கிறது.

ஒரு எளிய கணக்கைப் பார்க்கலாம். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. 6.7 அங்குலத் திறன்பேசியின் திரை அகலம் சுமார் 7 செ.மீ. அதில் அந்தப் பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 12 புள்ளி அளவில் அச்சான எழுத்து 4 புள்ளியாகத் தெரியும். 16:10 விகிதம் கொண்ட 10.1 அங்குலக் கைக்கணினியின் அகலம் சுமார் 13.6 செ.மீ. அதில் அதே எழுத்து ஏறத்தாழ 8 புள்ளி அளவில் இருக்கும். சற்று அகலமான 11 அங்குல ஐபேடில் அது 9 புள்ளியாகும்.

தமிழுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியும், ன-ண வேறுபாடும், இகர ஈகாரச் சுழிகளும் சிறிய அளவில் ஒன்றோடொன்று கலந்துவிடும். பழைய அச்சில் மங்கலாக இருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளியைத் தவறவிட்டால் சொல்லே மாறிவிடும். திறன்பேசியில் அரைமணி நேரம் படித்துக் கண் சோர்ந்தவர், கைக்கணினியில் அதே நூலைத் தொடர்ந்து படிக்க முடிவதற்கு இதுவே காரணம்.

2. கையால் எழுதுதல்

கணக்கு, வேதியியல், பொறியியல் வரைபடம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்வது கடினம். எழுதுகோலுடன் கூடிய கைக்கணினியில் அவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது போலவே எழுதலாம். பாடநூலின் ஓரத்தில் குறிப்பும் எழுதலாம். ஆனால் எல்லா எழுதுகோலும் ஒன்றல்ல. இரப்பர் முனை கொண்ட மலிவான கோல் விரலின் வேலையைத்தான் செய்யும். அதைக் கொண்டு எழுதும்போது உள்ளங்கை பட்ட இடத்திலும் கோடு விழும். கருவியோடு இணைந்து இயங்கும் எழுதுகோல், கையையும் முனையையும் பிரித்தறியும். சாம்சங் டேப் எஸ்6 லைட் போன்ற சில கருவிகளில் அது பெட்டியிலேயே வருகிறது. ஐபேடுக்கு ஆப்பிள் பென்சிலைத் தனியே வாங்க வேண்டும். மலிவான கைக்கணினிகள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது.

3. எடையும் மின்கலமும்

10 அல்லது 11 அங்குலக் கைக்கணினி சுமார் அரை கிலோ எடை இருக்கும். வழக்கமான 15 அங்குல மடிக்கணினி ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும். பேருந்தில் கல்லூரிக்குப் போய்வரும் மாணவருக்கு இது சிறிய வேறுபாடன்று. மின்விசிறி இல்லாததால் ஓசையில்லை. ஒரு முறை மின்னேற்றினால் ஒரு நாள் வகுப்புக்குப் பொதுவாகப் போதும்.

குறைகள்

1. தட்டச்சு

திரையில் தோன்றும் விசைப்பலகை திரையின் பெரும்பகுதியை மறைக்கும். விசைகளை விரல் உணர முடியாததால் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். தமிழ்99 பழகி, விசைகளைப் பாராமலே எழுதுபவருக்கு இது பெரிய தடை. குரல்வழித் தட்டச்சும் கையெழுத்தை உணரும் செயலிகளும் தமிழில் இன்று நன்றாகவே இயங்குகின்றன. ஒரு பத்தி எழுத அவை போதும். அடிக்குறிப்புகளும் அட்டவணைகளும் கொண்ட இருபது பக்கத் திட்டக் கட்டுரைக்கு அவை போதா. புளூடூத் விசைப்பலகை வாங்கலாம். ஆனால் விசைப்பலகையும் நிறுத்தி வைக்கும் உறையும் சேர்ந்தால் எடையும் விலையும் மடிக்கணினியை நெருங்கிவிடும்.

2. மென்பொருள்

வணிகவியல் மாணவருக்குத் தேவைப்படும் டாலி விண்டோஸில் நிறுவப்படுவது. எக்செலின் கைக்கணினிப் பதிப்பில் மேக்ரோக்கள் இயங்கா. கட்டட வரைபடத்திற்கான ஆட்டோகேடின் முழுப் பதிப்பும் மேசைக்கணினிக்கே உரியது. ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைக்கூட ஆண்ட்ராய்டு கைக்கணினியில் நிறுவ முடியாது. ஒரே பெயருள்ள செயலி கைக்கணினியில் கிடைக்கிறது என்பதால், கணினியில் செய்வதெல்லாம் அதில் செய்ய முடியும் என்று எண்ணிவிடக் கூடாது.

3. பழுதும் ஆயுளும்

மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகத்தையோ சேமிப்பு வட்டையோ பின்னர் மாற்ற முடியும். கைக்கணினியில் அவை பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். மின்கலமும் திரையும் ஒட்டப்பட்டிருக்கும். கீழே விழுந்து திரை உடைந்தால் ஆகும் செலவு, மலிவான கருவியின் விலையில் பெரும்பகுதியாகிவிடும். இயங்குதள மேம்பாடு நின்ற பிறகு செயலிகள் ஒவ்வொன்றாக இயங்க மறுக்கும். வன்பொருள் நன்றாக இருக்கும்போதே கருவி பயனற்றுப் போவதுண்டு.

4. கவனச்சிதறல்

பாடநூலைத் திறக்கும் அதே திரையில்தான் காணொலியும் விளையாட்டும் இருக்கின்றன. மடிக்கணினியிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் படுத்துக்கொண்டே பார்க்க வசதியாக அமைந்த கருவியில் இது கூடுதல். அறிவிப்புகளை நிறுத்தி வைப்பது ஓரளவே உதவும்.

ஆகாஷ் தந்த பாடம்

மலிவாக இருந்தால் போதும் என்ற எண்ணத்திற்கு இந்தியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2011 அக்டோபர் 5 அன்று அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் "ஆகாஷ்" கைக்கணினியை அறிமுகப்படுத்தினார். டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்த அது, உலகின் மிக மலிவான கைக்கணினி என்று பேசப்பட்டது. மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கணினி என்ற நோக்கம் உயர்ந்தது.

கருவியோ அந்த நோக்கத்தைத் தாங்கவில்லை. 7 அங்குலத் திரையில் 800க்கு 480 படப்புள்ளிகளே இருந்தன. ஒரு பாடநூல் பக்கத்தின் முழு அகலத்தையும் 480 புள்ளிகளுக்குள் காட்ட வேண்டும் என்றால் எழுத்து எப்படித் தெளிவாக இருக்கும்? செயலியின் வேகம் 366 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 256 எம்பி. திரை, தொட்டால் போதாது, அழுத்தினால்தான் இயங்கும் வகை. அதில் இருந்த ஆண்ட்ராய்டு 2.2இன் அடிப்படைப் பதிப்பு தமிழைச் சரியாகக் காட்டும் திறனற்றது. குறைகளைக் களைந்து 2012 நவம்பரில் ஆகாஷ் 2 வெளிவந்தது. அதற்குள் முதல் கருவியின் மீதான நம்பிக்கை தேய்ந்துவிட்டது.

இதில் வாங்குபவருக்கு உள்ள பாடம் தெளிவானது. கைக்கணினியின் பயன் முழுவதும் அதன் திரையிலும் தொடு உணர்விலும் எழுதுகோலிலும் இருக்கிறது. விலையைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அவைதாம். மலிவான மடிக்கணினி மெதுவாகவேனும் வேலையை முடிக்கும். மிக மலிவான கைக்கணினியோ பெரிய திறன்பேசியாக மட்டுமே எஞ்சும்.

யாருக்கு ஏற்றது?

வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி உள்ளவர்கள், போட்டித் தேர்வுகளுக்காக ஏராளமான பிடிஎஃப் கோப்புகளைப் படிப்பவர்கள், பழைய நூல்களை ஆராய்பவர்கள், ஓவியம் வரைபவர்கள், கணக்கைக் கையால் எழுதிக் கற்பவர்கள், கற்பிப்பவர்கள் ஆகியோர் தயங்காமல் வாங்கலாம். பள்ளி மாணவருக்கும், தட்டச்சு வேலை குறைவாக இருக்கும்வரை, இது போதுமானது. ஒரே கருவிதான் வாங்க முடியும் என்றாலும் வாங்கலாம் என்று சொல்லத்தக்கவர்கள் இவர்களே.

கணினி அறிவியல், வணிகவியல், பொறியியல் படிப்பவர்களும், ஆய்வேடு எழுத வேண்டியவர்களும் ஒரே கருவிதான் வாங்க முடியும் என்றால் மடிக்கணினியையே வாங்க வேண்டும். புதியது கட்டுப்படியாகவில்லை எனில், உத்தரவாதத்துடன் விற்கப்படும் புதுப்பித்த மடிக்கணினியையும் பார்க்கலாம். கதையும் நாவலும் மட்டுமே படிப்பவருக்குக் கிண்டில் போன்ற மின்மைத் திரைப் படிப்பான் கண்ணுக்கு இதமானது. 2016 முதல் அதில் தமிழ் நூல்களும் கிடைக்கின்றன. ஆனால் அதன் 6 அங்குலத் திரையில் வருடிய பிடிஎஃப் கோப்புகளைப் படிப்பது துன்பம்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. நீங்கள் படிக்க வேண்டிய பிடிஎஃப் கோப்பு ஒன்றைக் கடைக்கே கொண்டு செல்லுங்கள். அதைத் திரையில் முழுப் பக்கமாகத் திறந்து, பெரிதாக்காமல் இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள்.

2. எழுதுகோல் பெட்டியில் உண்டா, தனியே வாங்க வேண்டுமா, அந்தக் கருவிக்கு அப்படி ஒன்று உண்டா என்று கேளுங்கள். உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதிப் பாருங்கள்.

3. எத்தனை ஆண்டுகளுக்கு இயங்குதள மேம்பாடு வரும் என்பதை நிறுவனத்தின் அறிவிப்பில் பாருங்கள். விற்பனையாளரின் வாய்ச்சொல் போதாது.

4. சிம் அட்டை உள்ள வகைக்குக் கூடுதல் பணம் தர வேண்டுமா என்று எண்ணிப் பாருங்கள். திறன்பேசியின் இணையத்தைப் பகிர்ந்துகொண்டாலே பெரும்பாலும் போதும்.

5. உறை, எழுதுகோல், விசைப்பலகை ஆகியவற்றின் விலையையும் கூட்டிய பிறகே மடிக்கணினியின் விலையோடு ஒப்பிடுங்கள்.

முடிவாக

கடந்த ஒரு வாரத்தில் நீங்கள் கணினியில் செய்ததை, அல்லது கணினி இல்லாமல் தவித்ததை, ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். படித்தவை ஒரு பக்கம், செய்து கொடுத்தவை இன்னொரு பக்கம். படித்தவற்றின் பட்டியல் நீண்டிருந்தால் கைக்கணினி உங்களுக்கு நல்ல துணை. செய்து கொடுத்தவற்றின் பட்டியல் நீண்டிருந்தால், கைக்கணினி எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒப்படைப்புக்கு முந்தைய நாள் இரவு நீங்கள் நண்பரின் மடிக்கணினியைக் கேட்டுப் போய் நிற்க வேண்டியிருக்கும்.