திருமூலர் கண்ட கருவும் அறிவியல் காட்டும் கருவும்

திருமந்திரத்தின் இரண்டாந் தந்திரத்திலே ‘கர்ப்பக் கிரியை’ என்றொரு பகுதி உண்டு. கரு உருப்பெறும் முறையைத் திருமூலர் அதிலே பேசுகிறார். அதனைக் காட்டி, “இன்றைய மரபணு அறிவியலை நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர்” என்று மேடையில் முழங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கைத்தட்டலும் கிடைக்கிறது. அப்பாடல்கள் உண்மையில் என்ன சொல்லுகின்றன என்று நின்று பார்ப்போர் சிலரே.

கூடற்காலத்தில் ஆணின் மூச்சு குறைந்தால் பிள்ளை குறளாகும், தளர்ந்தால் முடமாகும், இடையில் தடைப்பட்டால் கூனாகும் என்பது ஒரு பாடலின் கருத்து. தாயின் வயிற்றில் மலம் மிகுந்தால் பிள்ளை மந்தம், நீர் மிகுந்தால் ஊமை, இரண்டும் ஒத்து மிகுந்தால் குருடு என்பது இன்னொரு பாடலின் கருத்து.

இப்பாடல்களில் ஒரு சிறப்பு உண்டு. கோளின் மேலும் பேயின் மேலும் பழிபோடாமல் உடலுக்குள்ளேயே காரணம் தேடுகிறார் திருமூலர். அளவு மாறினால் வடிவம் மாறும் என்னும் எண்ணமும் அவரிடம் இருக்கிறது. கேள்வி சரியானதே, விடைதான் இன்றைக்கு நிற்காது.

விடை பழ ஈயிலிருந்து கிடைத்தது. அவ்வீயின் முட்டையில் ‘பைகாய்டு’ என்னும் மரபணுவின் செய்தி ஒரு முனையில் மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து உண்டாகும் புரதம் அம்முனையில் மிகுந்தும், தள்ளிப்போகப் போகக் குறைந்தும் பரவுகிறது. மிகுந்த இடத்தில் தலை, அடுத்து மார்பு என உடலின் முன்பகுதி வகுபடுகிறது. பின்னர் ‘ஹாக்ஸ்’ மரபணுக்கள் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் தன்மையை அளிக்கின்றன. அவற்றுள் ஒன்று பழுதுபட்டால், சிறகுக்குப் பின்னுள்ள சமநிலைக் குமிழ் தானும் சிறகாகி, ஈ நான்கு சிறகுகளோடு பிறக்கிறது. குமிழைச் சிறகாகவிடாமல் அம்மரபணு தடுப்பது எவ்வாறு என்பதை ஐதராபாத்தில் எல். எஸ். சசிதராவின் குழுவினர் நுணுகி ஆராய்ந்தனர். இத்துறைக்கு வழிகாட்டிய எட்வர்ட் லூயிஸ், கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் மூவரும் 1995இல் நோபெல் பரிசு பெற்றனர்.

ஈக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். பைகாய்டு மனிதரிடம் இல்லை; ஆனால் ஹாக்ஸ் மரபணுக்கள் 39 நம்மிடம் உள்ளன. தலையிலிருந்து கீழ்நோக்கி அவை செயற்படும் வரிசையும், மரபிழையில் அவை அமைந்துள்ள வரிசையும் பெரும்பாலும் ஒன்றே. அவற்றுள் ஒன்றான ஹாக்ஸ் டி13 மாறுபட்டால் விரல்கள் ஒட்டியும் மிகுந்தும் பிறப்பதுண்டு என்பது 1996இல் தெளிவாயிற்று. அம்மாற்றம் தந்தைவழியும் வரலாம், தாய்வழியும் வரலாம், புதிதாகவும் தோன்றலாம்.

இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. பிளந்த உதட்டோடு பிள்ளை பிறந்தால், “கிரகணத்தில் வெளியே போனாள்” என்று இன்றும் தாயைத்தான் சுட்டுகிறோம். அப்பிள்ளை பள்ளிக்கு வரும்போது அந்தப் பழியும் கூடவே வருகிறது. ‘தாய் வயிற்றுக் குற்றம்’ என்னும் பாடலை அறிவியலென்று மேடையேற்றினால், அப்பழிக்குச் சான்றோர் முத்திரையும் கிடைத்துவிடும்.

புறக்காரணமே இல்லை என்பதன்று. கருவுற்ற தொடக்கத்தில் ரூபெல்லா நோய் கண்டால் பிள்ளையின் கண்ணும் காதும் இதயமும் கெடலாம் என்பதற்கு 1941இல் ஆஸ்திரேலியாவின் நார்மன் கிரெக் வழிதிறந்தார். தாலிடோமைடு மருந்தால் 1950களின் இறுதியிலிருந்து 1960களின் தொடக்கம் வரை ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. இவற்றிலும் தாயின் குற்றம் யாது? தடுப்பூசியும், ஃபோலிக் அமிலமும், மருத்துவரின் அறிவுரையும் அவளுக்கு வேண்டியவை, ஏச்சு அன்று.

திருமந்திரத்தை அருள்நூலாக ஓதுவோம். அதன் கேள்வியைப் போற்றுவோம். விடையை மட்டும் ஆய்வுக்கூடத்திலிருந்து பெறுவோம். அதனால் திருமூலர் பெருமை ஒரு சிறிதும் குறையாது. தாய்மார் சுமக்கும் பழியோ குறையும்.