கோப்பை

புலம்பெயர் கதைகளில் 'கோப்பை கழுவினேன்' என்று ஒரு வரி வந்துவிட்டால் அதற்குமேல் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று எம் படைப்பாளிகள் நம்புகிறார்கள். அவமானம், குளிர், கடன், ஊர் நினைவு எல்லாவற்றையும் அந்தச் சொல்லே சுமந்துகொள்கிறது. லண்டன் றெஸ்ரோறன்ற் குசினிகளில் அதே வேலையைச் செய்கிற எங்களுக்கு அந்தச் சொல்லிடம் கேட்கச் சில கேள்விகள் உண்டு.

போர்த்துக்கேயரின் 'கோப்போ' குடிக்கிற பாத்திரம். 1658இல் அவர்களிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பறித்த ஒல்லாந்தரின் 'கொப்'பும் கிண்ணமே. சிங்களத்தில் 'கோப்பய' இன்றும் கிண்ணம், தமிழ்நாட்டிலும் அப்படியே. எங்களிடம் வந்தபோது மட்டும் அது சோறு போடுகிற தட்டாகிவிட்டது. குடிப்பதற்கு மூக்குப்பேணியும் செம்பும் இருந்த வீடுகளில் புதுச் சொல்லுக்கு வேறு வேலை கொடுத்தார்கள் போலும் என்பது எங்கள் ஊகம். 1996இல் இலங்கை வென்றதை எங்கள் பத்திரிகைகள் 'உலகக் கிண்ணம்' என்றே எழுதின. சென்னைக்கு அது உலகக் கோப்பை. எங்கள் கதையைப் படிக்கும் சென்னை வாசகர் கதாநாயகனைச் சாராயக் கடையில் கிளாஸ் கழுவ விட்டுவிடுவார்.

அது சிறிய குழப்பம். பெரியது வேறு. கோப்பைகளை இங்கே மெசின்தான் கழுவுகிறது. முதுகை முறிப்பவை அடிப்பிடித்த தாச்சிகளும் சோற்றுப் பானைகளும். அவை கதைகளில் வருவதில்லை. வருவது எச்சில்.

ஊரில் கோப்பை கழுவியவர்கள் யார்? அம்மா, அக்கா, தங்கச்சி. அதை யாரும் அவமானக் கதையாக எழுதவில்லை. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடக்கும்வரை, தாழ்த்தப்பட்டோருக்கு யாழ்ப்பாணத்துக் கடைகளில் சிரட்டையும் போத்தலும் நீட்டினார்கள். மற்றவர்கள் குடித்த பேணியில் அவர்கள் வாய் படக்கூடாது. டானியல் 'பஞ்சமர்' எழுதி 1972இல் வெளிவந்தது. எம் கதாசிரியர்கள் படிக்காமலா இருப்பார்கள்? அந்தப் பேணியைத் தீட்டுப்படாமல் காத்த வீட்டுப் பிள்ளை இங்கே வெள்ளைக்காரன் தின்ற கோப்பையைத் தொட்டு அழுகிறான். அழவைத்தது வேலையின் பாரமா, எச்சிலா? கதை அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. பாரம் என்றால் நாங்களும் சேர்ந்து அழத் தயார். எச்சில் என்றால், மன்னிக்கவேண்டும், அது வேறு கதை. அதை அந்தப் பெயரிலேயே எழுதட்டும்.

இந்த வேலைக்கு விளம்பரங்களில் 'கிச்சின் போர்ட்டர்' என்று பெயர். பெடியள் அதைக் 'கேபி' என்று சுருக்கிவிட்டார்கள். அதில் கோப்பையும் இல்லை, எச்சிலும் இல்லை. அவர்களில் ஒருவர் எழுதுகிற கதையை வாசிக்க ஆவலாயிருக்கிறோம்.