முடிவு தெரிந்த போர்: அமீர் ஹம்சா தாஸ்தானின் மரபுகளும் அளவுகோல்களும்

1511-ஆம் ஆண்டு. மலாக்காத் துறைமுகத்தில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. விடிந்தால் போர். காவலுக்கு இருந்த இளம் பிரபுக்கள் இரவில் சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல், முகம்மது ஹனஃபியாவின் கதையை வாசிக்கக் கேட்டால் நெஞ்சுக்கு உரமாக இருக்குமே என்று சுல்தானிடம் ஆள் அனுப்பினார்கள். சுல்தான் அனுப்பிவைத்ததோ அமீர் ஹம்சாவின் கதை. ஹனஃபியாவின் வீரத்தை உங்களிடம் எதிர்பார்க்க எனக்குத் துணிவில்லை, ஹம்சாவின் வீரமாவது இருக்கட்டும் என்பது அவருடைய செய்தி. பிரபுக்கள் ரோஷத்தோடு பதில் சொல்லி அனுப்பிய பிறகே கேட்ட ஏடு கிடைத்தது. ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று நூல் இதைச் சொல்கிறது. பாரசீகத்தில் வளர்ந்த ஒரு புனிதப் போர்க்கதை, அதற்குள் கடல் கடந்து, எந்த வீரனின் கதை எந்த இரவுக்கு ஏற்றது என்று அரசனும் வீரர்களும் வாதிடும் அளவுக்கு அங்கே ஊறிப்போயிருந்தது.

வரலாற்றின் ஹம்சா நபிகள் நாயகத்தின் சிறிய தந்தை. 625-இல் உஹதுப் போரில் வீழ்ந்தவர். கதையின் ஹம்சா வேறு. அவர் நபியின் காலத்துக்கு முன்னரே உலகைச் சுற்றிப் போரிடுகிறார். தேவ் என்னும் அரக்கர்களும் பரி என்னும் தேவதைகளும் வாழும் காஃப் மலைக்கு 18 நாளில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போய், 18 ஆண்டுகள் அங்கே சிக்கிக்கொள்கிறார். சூனியக்காரப் பேரரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக எதிர்கொள்கிறார். அந்தப் பேரரசுகளுக்கு ‘திலிஸ்ம்’ என்று பெயர்: மந்திரத்தால் படைக்கப்பட்ட தனி உலகங்கள். அங்கே ஆறு, மலை, நகரம், வானம் எல்லாம் உண்டு, எல்லாம் மாயம்.

திலிஸ்ம்களில் பெரும்புகழ் பெற்றது ‘ஹோஷ்ரூபா’. தன்னையே கடவுள் என்று அறிவித்துக்கொண்ட லக்கா, ஹம்சாவிடம் தோற்று ஓடி, அதன் அருகே அடைக்கலம் புகுகிறான். ஹோஷ்ரூபாவின் சக்கரவர்த்தி அஃப்ராசியாப் அவனுக்காகப் படை அனுப்ப, புனிதப் போர் தொடங்குகிறது. வெளிப்படையான நாடு, மறைவான நாடு, இருள் நாடு என்று அந்த உலகம் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. இடையே இரத்த ஆறு, அதன்மேல் புகையால் ஆன பாலம். ஒவ்வொரு திலிஸ்முக்கும் ஒரு பலகை உண்டு. அந்தத் திலிஸ்மை உடைப்பவன் யார் என்பது படைக்கப்பட்ட நாளிலேயே எழுதப்பட்டிருக்கும். ஹோஷ்ரூபாவுக்கு எழுதப்பட்ட பெயர் ஹம்சாவின் பேரன் அஸதுடையது. ஆக, கேட்பவர்களுக்கு முதல் நாளிலேயே முடிவு தெரியும். அஸத் வெல்வான், அஃப்ராசியாப் சாவான்.

இந்த மரபின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பேன். வெற்றி உறுதியான போரில் சொல்பவனுடைய திறமை எதில் வெளிப்படும்? அந்த வெற்றியை எவ்வளவு காலம், எவ்வளவு சுவையாகத் தள்ளிப்போடுகிறான் என்பதில்தான். தாஸ்தான் என்னும் இந்த நெடுங்கதை மரபின் எல்லா அளவுகோல்களும் இதிலிருந்து பிறந்தவை.

அந்த அளவுகோல்களை எழுத்தில் வைக்க முற்பட்ட முக்கியமான ஆள், ஜஹாங்கீர் காலத்தில் ஈரானின் கஸ்வீனிலிருந்து இந்தியாவுக்கு வந்த அப்துன் நபி ஃபக்ருஸ் ஸமானி. அவரே கதைசொல்லி. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘திராஸுல் அக்பார்’ என்ற கையேட்டைத் தொகுத்தார். கதைசொல்லி எந்தக் கட்டத்தில் எந்த வருணனையை, எந்தச் செய்யுளை எடுத்தாளலாம் என்று வகைபிரித்து வைத்த களஞ்சியம் அது. கதையின் பொருளை அவர் நான்காகப் பகுக்கிறார்: ரஸ்ம் என்னும் போர், பஸ்ம் என்னும் அவைக்களியாட்டம், அழகும் காதலும், பிறகு அய்யாரி என்னும் தந்திரம். இந்த நான்கில் எதை ஓங்க விடுவது என்பதில்தான் ஊருக்கு ஊர் பாணி வேறுபட்டது.

அக்பரின் அவையில் ஓங்கியது போரும் பிரமிப்பும். தர்பார் கான் என்ற பட்டம் பெற்ற கதைசொல்லி அங்கே இருந்தார். அவர் தந்தை ஈரானில் ஷா தஹ்மாஸ்பின் கதைசொல்லி. கதை சொல்வது பரம்பரையாக வந்த அரசவைப் பதவி என்பது இதிலிருந்தே தெரியும். அக்பர் தாமும் ஹம்சா கதையைச் சொல்லி மகிழ்ந்தவர். அவர் ஆணையில் மீர் சையித் அலியும், பின்னர் அப்துஸ் ஸமதும் ஓவியர் கூட்டத்தை நடத்தி, சுமார் 15 ஆண்டுகளில் 1400 படங்களைத் துணியில் தீட்டுவித்தார்கள். இரண்டடிக்கு மேல் உயரமான அந்த ஓவியங்களின் பின்புறத்தில் கதை எழுதப்பட்டது. இன்று எஞ்சியவை 200-க்கும் குறைவு. வியன்னாவில் 60 இருக்கின்றன.

டெல்லிப் பாணியின் மேடை அரண்மனையை விட்டு வெளியே வந்தது. சர் சையித் அகமது கான் 1847-இல் வெளியிட்ட ‘ஆஸாருஸ் ஸனாதீத்’ நூலில், ஜாமா மசூதியின் வடக்குப் படிக்கட்டில் பிற்பகலில் தாஸ்தான்கோ என்னும் கதைசொல்லி மோடா என்னும் நாணல் இருக்கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஹம்சா கதை சொல்வதை வருணித்திருக்கிறார். பக்கத்திலேயே இன்னொருவர் ஹாதிம் தாய் கதை சொல்வார். பிடிக்காவிட்டால் கேட்பவன் நாலடி நடந்து அடுத்த மோடாவுக்குப் போய்விடலாம். தெருவில் பிழைக்கும் கலைக்கு இதைவிடக் கடுமையான தேர்வு இல்லை. அதே டெல்லியில் கவிஞர் காலிப், கையில் தாஸ்தான் ஏடும் பக்கத்தில் மதுவும் இருந்தால் வேறென்ன வேண்டும் என்ற பொருளில் கடிதம் எழுதினார்.

லக்னோ வேறு வழியில் போனது. அங்கே போரைவிடத் திலிஸ்மும் அய்யாரியும் பெருகின. எதுகை நயம் ததும்பும் உருது உரைநடை அங்கே உச்சம் தொட்டது. கதையை ‘நிறுத்திப் பிடிப்பது’ தனிக்கலையாகவே வளர்ந்தது. காதலனுக்கும் காதலிக்கும் நடுவே ஒரு திரை, அதை விலக்க வேண்டிய கணம். புரவலர் வெளியூர் போய் நாள்கள் கழித்துத் திரும்பி வருகிறார், திரை இன்னும் விலகவில்லை. திரையின் நெசவையும் காதலனின் நெஞ்சையும் காதலியின் அணிகளையுமே தாஸ்தான்கோ அத்தனை இரவும் பாடிக்கொண்டிருந்தாராம். இந்தக் கதை பல வடிவங்களில் வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, எதைத் திறமை என்று அவர்கள் கருதினார்கள் என்பதற்கு இது போதும். கதை நகரவில்லை என்பது நமக்குக் குறை. அவர்களுக்கு, கதை நகராமலே அவையைக் கட்டிப்போட்டவனே ஆசான்.

ஹோஷ்ரூபாவே லக்னோவில் விளைந்தது என்பர். பின்னாளில் ராம்பூர் சென்ற மீர் அகமது அலிக்கு அந்தப் பெருமை உரியது. ராம்பூர் நவாபுகள் தாஸ்தான்கோக்களை ஆதரித்து எழுதவைத்தார்கள். அந்தக் கையெழுத்துப் பிரதிகள் ராம்பூர் நூலகத்தில் இருக்கின்றன. மீர் அகமது அலியின் பெயர்பெற்ற மாணவர் அம்பா பிரசாத் ரஸா. பெயரே சொல்கிறதே, குருகுலத்தில் பிறப்புக் கணக்கு பார்க்கப்படவில்லை.

பிறகு அச்சு வந்தது. லக்னோவில் 1858-இல் அச்சகம் தொடங்கிய முன்ஷி நவல் கிஷோர், வாய்மொழியாய் ஓடிக்கொண்டிருந்த கடலை ஏட்டில் பிடிக்கத் துணிந்தார். 1883-இல் முகம்மது ஹுசைன் ஜாஹ் எழுதிய ஹோஷ்ரூபா முதல் பாகம் வந்தது. 1890-க்குள் நான்கு பாகங்கள் முடித்த ஜாஹ் அச்சகத்தை விட்டு விலக, மீதியை அகமது ஹுசைன் கமர் 1893-க்குள் எழுதி நிறைத்தார். ஷேக் தஸத்துக் ஹுசைன் முதலானோரும் சேர, 1917 வாக்கில் ஹம்சா தாஸ்தான் 46 பாகங்களாக நின்றது. பாகம் ஒன்று சராசரி 900 பக்கம். ஜாஹையும் கமரையும் அடுத்தடுத்துப் படித்தால் குரல் மாறுவது காதில் விழும். ஜாஹிடம் நளினம் மிகுதி, கமரிடம் வேகமும் ஆரவாரமும் மிகுதி. எனக்கு ஜாஹ் பக்கம் சாய்வு உண்டு. அவரிடம் தந்திரக் காட்சிகள் மெல்ல மெல்ல இறுகும். வாசகன் சிக்கியதை உணரும்போது பக்கம் ஐம்பது தாண்டியிருக்கும்.

ஜாவாவில் இதே கதை ‘மெனாக்’ ஆகி, மரப்பாவைக் கூத்துக்குள் நுழைந்து, 1941-இல் யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனையில் அந்தப் பாவைகளின் அசைவைப் பின்பற்றும் நடனமாகவும் ஆனது. தமிழில் இசுலாமியப் புலவர்கள் புனிதப் போர்களைப் பாடுவதற்கென்றே ‘படைப்போர்’ என்ற இலக்கிய வகையை வளர்த்தார்கள். அது செய்யுள் வழி. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

இனிக் கதைக்குள் நடக்கும் போரின் விதிகளுக்கு வருவோம். ஹம்சாவின் அணி முதலில் அடிப்பதில்லை. எதிரியின் பாசறையில் முரசு கேட்ட பிறகே இங்கே சிக்கந்தரின் (அலெக்சாந்தரின்) முரசு முழங்கும். சரணடைந்தவனுக்கு உயிர் உண்டு. ஹம்சா ஒருபோதும் மந்திரம் செய்வதில்லை. இறைவனின் உயர்திருநாமமே அவர் காப்பு. சூனியக்காரன் ஒருவன் சாகும்போது வானம் இருண்டு, கல்மழை பொழிந்து, ‘என்னைக் கொன்றார்கள், என் பெயர் இன்னது’ என்று ஒரு குரல் எழும். நூறாவது முறையும் இது வரும், வர வேண்டும். கேட்பவர்கள் காத்திருப்பதே அதற்குத்தான். இதைக் கூறியது கூறல் என்று குறை சொல்பவர் ஏட்டைக் கண்ணால் மட்டும் படித்தவர்.

ஆனால் இந்தப் புனிதப் போரைத் தோளில் சுமப்பது ஹம்சா அல்ல, அமர் அய்யார். அய்யார் என்றால் ஒற்றன், வேடதாரி, திருடன், தூதன் எல்லாம் ஒருவனே. அமருக்குப் பேராசை உண்டு; கூலி பேசாமல் எழுந்திருக்க மாட்டான், எதிரியின் கம்பளத்தையும் விட்டுவைக்க மாட்டான். அவன் தோளில் தொங்கும் ஸம்பீல் பைக்குள் நகரங்களே அடங்கும். அஃப்ராசியாப் தன் சாமிரி ஏட்டைத் திறந்தால் அமர் எங்கே எந்த வேடத்தில் வருகிறான் என்று எழுதியிருக்கும். படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் ஏமாறுவான். மந்திரத்துக்கு எதிராக மந்திரம் இல்லாத மனித மூளையை நிறுத்தியது இந்த மரபின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தோற்றவன் முன் வைக்கப்படும் தேர்வு பல இடங்களில் மார்க்கம் அல்லது மரணம். இன்றைய வாசகர் அங்கே நின்றுவிடுவது நியாயமே, அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் கதை தன் அன்பை எங்கே செலவழிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஹோஷ்ரூபாவின் ஒளிமிக்க பாத்திரங்கள், அஃப்ராசியாபை விட்டு அஸத் பக்கம் வந்துசேரும் சூனியக்காரிகளான மஹ்ருக், பஹார் போன்றவர்கள். பஹார் வந்தால் போர்க்களத்தில் வசந்தம் இறங்கும். பூமணத்தில் மயங்கி எதிரிப்படை ஆயுதத்தைக் கீழே போடும். வந்த பிறகும் அவர்கள் தம் வித்தையால்தான் போரிடுகிறார்கள். எதிரி அஃப்ராசியாபுக்கும் கம்பீரம் குறைவதில்லை. பல சமயத்தவரும் கேட்டார்கள், எழுதினார்கள், அச்சிட்டார்கள் என்பது தற்செயல் அல்ல.

1893-இல் உருதுக் கவிஞர் ஹாலி தம் விமர்சன நூலால் இயற்கைக்கு ஒட்டிய எழுத்தை உருதுவின் அளவுகோலாக நிறுத்தினார். புதினம் வந்தது. தாஸ்தான் பழங்குப்பை ஆயிற்று. டெல்லியின் கடைசிப் பெரும் தாஸ்தான்கோ மீர் பாக்கர் அலி, முதுமையில் பாக்கு விற்றுப் பிழைத்து 1928-இல் மறைந்தார். கிரியர்சனின் மொழிக் கணக்கெடுப்புக்காகப் பதிவான சில நிமிடக் குரல் மட்டும் மிஞ்சியது. மெலிந்த சிறிய உருவம், ஆனால் போர்க்களம் சொன்னால் ஆளே வளர்ந்துவிடுவார் என்று கேட்டவர்கள் எழுதினார்கள்.

46 பாகங்களையும் தேடிச் சேர்த்துப் படித்து, இந்தக் கலையை அதன் சொந்த அளவுகோலால் அளந்து காட்டியவர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. வாய்மொழிக் கலையைப் புதினத்தின் துலாக்கோலில் நிறுத்தது பிழை என்ற அவர் வாதம் இன்றும் அசைக்க முடியாதது. அவருடைய உறவினர் மஹ்மூத் ஃபாரூக்கி 2005-இல் டெல்லியில் தாஸ்தானை மீண்டும் மேடையேற்றினார்: வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, திண்டு, இரண்டு பேர். முன்பு ஒருவர் சொன்னதை இருவர் பகிர்வது புதுமை. உருது தெரியாதவர்களுக்கும் குரலின் ஏற்ற இறக்கத்தால் கதை போய்ச் சேர இது உதவியது. அதன் பிறகு பிரிவினை முதல் ஆலிஸின் அற்புத உலகம் வரை புதிய தாஸ்தான்கள் எழுந்திருக்கின்றன.

தமிழில் ஹோஷ்ரூபாவைக் கொண்டுவர முனைகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுருக்காதீர்கள். அடுக்குகளையும் மீள்வருகைகளையும் வெட்டினால் மிஞ்சுவது வெறும் சம்பவப் பட்டியல். ஒரே ஒரு பகுதியை, அமர் வேடமிட்டு அஃப்ராசியாபின் அவைக்குள் நுழையும் ஏதேனும் ஓர் இடத்தை, முழு நீளத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதை நாலு பேர் முன் சத்தமாக வாசியுங்கள். யாராவது எழுந்து போனால் அந்த இடத்தைத் திருத்துங்கள்.