பழைய டிரக்கைப் புதுப்பித்தல்: மீட்டது எதை? இழந்தது எதை?

அமெரிக்காவில் பழைய மோட்டார் வண்டிகளைப் புதுப்பிப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு. வேலையைத் தொடங்குமுன் வண்டியை ஒரு படம் எடுப்பார்கள். வேலை முடிந்தபின் மற்றொரு படம் எடுப்பார்கள். முதல் படத்தில் வண்டி ஏதோ ஒரு பண்ணைக் கொட்டகையில் துருவேறி, புல் முளைத்துக் கிடக்கும். இரண்டாம் படத்தில் அதே வண்டி கண்காட்சி மண்டபத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பளபளக்கும். பார்ப்பவர்கள் வியந்து பாராட்டுவார்கள். இவ்விரு படங்களையும் அருகருகே வைத்து நாம் ஒரு கேள்வி கேட்கலாம். இரண்டாம் படத்தில் இருப்பது முதல் படத்தில் இருந்த வண்டிதானா?

இக்கேள்விக்கு விடை காண ஓர் உண்மையான வண்டியை எடுத்துக்கொள்வோம். டாட்ஜ் நிறுவனத்தின் 'பவர் வேகன்' என்னும் நான்கு சக்கர இயக்கப் பிக்கப் டிரக்கே அது.

வண்டியின் வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது டாட்ஜ் நிறுவனம் அமெரிக்கப் படைக்கு முக்கால் டன் டிரக்குகளைப் பெரும் எண்ணிக்கையில் கட்டிக்கொடுத்தது. போர் முடிந்ததும் அதே அமைப்பைப் பொதுமக்களுக்கு ஏற்றவாறு திருத்தி, 1946ஆம் ஆண்டு மாதிரியாகப் 'பவர் வேகன்' விற்பனைக்கு வந்தது. உழவர்கள், மரம் வெட்டுவோர், எண்ணெய்க் கிணறு தோண்டுவோர், மின்கம்பி இழுப்போர் ஆகியோர் இதை விரும்பி வாங்கினர். அமெரிக்காவில் இதன் விற்பனை 1968இல் நின்றது. வெளிநாடுகளுக்கு அனுப்புவதற்காக மட்டும் 1978 வரை இதைச் செய்துவந்தனர்.

இதன் எஞ்சின் ஆறு சிலிண்டர்கள் கொண்டது. வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் அமைந்த பழைய வகை. கொள்ளளவு சுமார் 3.8 லிட்டர், தொடக்க கால வண்டிகளில் திறன் 94 குதிரைத் திறன். இன்றைய சிறிய கார்கள் பலவற்றின் திறனும் ஏறக்குறைய இவ்வளவே. ஆனால் பவர் வேகன் தன் எடையோடு சேர்த்து ஏறக்குறைய நான்கு டன் வரை சுமந்து, சேற்றிலும் பனியிலும் மேடேறியது. முன்புறம் பொருத்திய வின்ச் சுமார் 4,500 கிலோகிராம் இழுவிசை தரக்கூடியது. எஞ்சினின் ஆற்றலை வெளியே எடுத்து, மரம் அறுக்கும் இயந்திரத்தையும் நீர் இறைக்கும் பம்பையும் இயக்க முடிந்தது. சுருங்கச் சொன்னால் இது வண்டி மட்டுமன்று. சக்கரம் பூட்டிய ஒரு பட்டறை.

இன்று இவ்வண்டிகளுக்குப் பெரும் கிராக்கி. ஆனால் வாங்குவோரில் பலர் கேட்பது பழைய எஞ்சினை அன்று. முந்நூறு, நானூறு குதிரைத் திறன் கொண்ட புதிய எட்டு சிலிண்டர் எஞ்சின், தானியங்கிக் கியர், குளிரூட்டும் சாதனம், தோல் இருக்கை ஆகியவற்றைப் பொருத்தி, வெளித்தோற்றத்தை மட்டும் பழையதாக வைத்துக்கொள்கிறார்கள். இதையும் 'புதுப்பித்தல்' என்றே அழைக்கிறார்கள். இச்சொல் இங்குப் பொருந்துமா என்பதே நம் ஆய்வு.

கணக்கு என்ன சொல்கிறது?

புதிய எஞ்சின் பொருத்துவோர் கூறும் முதல் காரணம், பழைய எஞ்சினுக்கு வலு போதாது என்பது. இதை எளிய கணக்கால் சோதித்துப் பார்க்கலாம்.

பழைய எஞ்சினின் உச்சத் திருப்புவிசை சுமார் 250 நியூட்டன் மீட்டர். இது மூன்று இடங்களில் பெருக்கப்படுகிறது. கியர்ப்பெட்டியின் முதல் கியரில் 6.4 மடங்கு, அதனை அடுத்துள்ள துணைக் கியர்ப்பெட்டியின் தாழ்நிலையில் 1.96 மடங்கு, அச்சிலுள்ள பற்சக்கரங்களில் 5.83 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 73 மடங்கு கிடைக்கும். ஆகவே சக்கரங்களைச் சேரும் மொத்தத் திருப்புவிசை சுமார் 18,000 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் ஆரம் சுமார் 0.44 மீட்டர். வகுத்துப் பார்த்தால் தரையைப் பின்னுக்குத் தள்ளும் விசை சுமார் 41,000 நியூட்டன். பற்சக்கர உராய்வில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 33,000 நியூட்டன் மிஞ்சும்.

இனித் தரையின் பக்கம் வருவோம். முழுச் சுமையுடன் வண்டியின் நிறை சுமார் 3,900 கிலோகிராம்; அதன் எடை ஏறக்குறைய 38,000 நியூட்டன். மண் பாதையில் டயரின் உராய்வெண் 0.6 என்று கொண்டால், தரை தாங்கக்கூடிய உச்ச விசை 23,000 நியூட்டன் அளவே. சேற்றில் இது இன்னும் குறையும்.

இதன் பொருள் தெளிவானது. பழைய எஞ்சினே நான்கு சக்கரங்களையும் ஒருசேரச் சுழலவிட்டு வழுக்கச் செய்யும் அளவுக்கு வலு கொண்டது. வண்டியின் இழுவைக்கு எல்லை வகுப்பது தரையே, எஞ்சின் அன்று. நானூறு குதிரைத் திறன் எஞ்சினைப் பொருத்தினாலும், காட்டுப் பாதையில் ஒரு கிலோகிராம்கூட அதிகமாக இழுக்க முடியாது. வடிவமைத்த பொறியாளர்கள் குறைந்த திறனைக் கொண்டு நிறைந்த வேலை செய்யும் வழியைப் பற்சக்கர விகிதங்களில் கண்டிருந்தார்கள். அதுவே இவ்வண்டியின் அறிவு. அதைக் கழற்றி எறிந்துவிட்டு உடலை மட்டும் வைத்துக்கொள்வது, நூலின் பக்கங்களைக் கிழித்துவிட்டு அட்டைக்கு மெருகு போடுவதைப் போன்றது.

கூடுதல் திறன் எங்கே போகிறது?

கூடுதல் திறன் பயன்படும் இடம் ஒன்று உண்டு. அது தார்ச் சாலை. மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் ஓடிய வண்டி இப்போது 120 கிலோமீட்டரில் ஓடும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை மாணவர்கள் அறிவார்கள். வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் 2.25 மடங்காகும். வண்டியை நிறுத்த வேண்டுமானால் அவ்வளவு ஆற்றலையும் பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். எஞ்சினை மாற்றியவர் பிரேக், ஸ்டியரிங், அச்சு, பட்டைவில் ஆகிய எல்லாவற்றையும் மாற்றியே தீர வேண்டிய நிலை இவ்வாறுதான் உண்டாகிறது. ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்தை அழைக்கிறது. இறுதியில் பழைய வண்டியில் எஞ்சுவது பெயர்ப்பலகையும் சில தகடுகளுமே.

இவ்வாறு செய்வது தவறு என்பதன்று நம் வாதம். அவரவர் பொருள், அவரவர் விருப்பம். கவனமாகச் செய்தால் அது ஒரு நல்ல புதிய வண்டியாகவும் அமையும். ஆனால் அதற்குப் 'புதுப்பித்தல்' என்று பெயரிடுவதைத்தான் ஏற்க இயலவில்லை. அது பழைய உருவில் கட்டிய புதிய வண்டி.

மெருகின் அடியில்

இன்னொரு சாரார் எஞ்சினை மாற்றுவதில்லை. மெருகிலேயே கருத்தாக இருக்கிறார்கள். இவர்களிடமும் குறை உண்டு.

துரு என்பது வெறும் மேற்பூச்சு அழுக்கன்று; அது ஒரு மின்வேதி வினை. இரண்டு இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இடுக்கில் ஈரம் தங்குகிறது. இடுக்கின் உட்புறத்தில் ஆக்சிஜன் குறைவு, வெளிப்புறத்தில் மிகுதி. இவ்வேறுபாடே ஒரு சிறு மின்கலம் போலச் செயல்பட்டு, உட்புறத்து இரும்பைக் கரைக்கிறது. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு இவ்வினையை விரைவாக்குகிறது. உண்டாகும் துரு, கரைந்த இரும்பைக் காட்டிலும் இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொண்டு தகடுகளைப் பிளக்கிறது.

ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி பூசி, தேய்த்து, வண்ணம் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இடுக்கிலுள்ள ஈரமும் உப்பும் அங்கேயேதான் இருக்கும். சில மழைக்காலங்களில் வண்ணம் குமிழ்விட்டு உண்மை வெளிப்படும். நல்ல பட்டறையில் இற்றுப்போன தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகட்டைப் பற்றவைத்து, உட்புறத்திற்கும் காப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். இவ்வேலை படத்தில் தெரியாது. ஆகவே படத்தைக் கொண்டு புதுப்பிப்பின் தரத்தை மதிப்பிட முடியாது.

மிகை மெருகு வேறொரு பொய்யையும் சொல்கிறது. பவர் வேகன் பண்ணைக்கும் காட்டுக்கும் செய்த வண்டி. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில்கூட அதன் வண்ணம் இன்றைய கண்காட்சி வண்டிகளைப் போல மின்னியதில்லை. பின்புறப் பெட்டியின் கீறல்கள், கால்மிதியின் தேய்வு, வின்ச் கம்பி உராய்ந்த தடம் ஆகியவை அது செய்த வேலையின் பதிவேடு. அவற்றை முற்றாகத் துடைத்துவிட்டால் வரலாற்றின் ஒரு சான்று அழிகிறது. மீண்டும் அதை உண்டாக்க எவராலும் இயலாது.

உயிருக்கு விலை

எல்லாவற்றையும் பழையபடியே வைக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்வோரும் உண்டு. இவர்கள் கூற்றையும் முழுவதும் ஏற்பதற்கில்லை.

பழைய பவர் வேகனின் பிரேக் அமைப்பில் திரவம் செல்லும் வழி ஒன்றே. எங்கேனும் ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரப் பிரேக்குகளும் ஒருங்கே செயலிழக்கும். இந்த ஆபத்தை உணர்ந்துதான் அமெரிக்காவில் 1968 முதல் பயணிகள் கார்களுக்கு இருவழிப் பிரேக் அமைப்பைக் கட்டாயமாக்கினார்கள். பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் இருவழி மாஸ்டர் சிலிண்டரையும் இருக்கை வாரையும் பொருத்துவது எவ்வகையிலும் குற்றமாகாது. பழைய உறுப்பைப் பத்திரப்படுத்தி வைத்தால் வேண்டும்போது திரும்பப் பொருத்திக்கொள்ளலாம்.

வேலை செய்பவரின் உடல்நலமும் கருத வேண்டியது. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசி தட்டுவது நுரையீரலுக்குக் கேடு. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்தால் அது தூளாகி மூச்சில் கலக்கும். மணல் வீசித் துருவை அகற்றும் முறையில் சிலிக்காத் தூசியும் ஆபத்து. அத்துடன் மெல்லிய தகடுகள் நெளிந்தும் போகும். 'பழைய முறையிலேயே செய்தேன்' என்னும் பெருமைக்காக இவற்றைப் புறக்கணிப்பது அறிவுடைமை ஆகாது.

அளவுகோல் எது?

உலகப் பழமை வண்டிக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட 'டியூரின் சாசனம்' இதற்கு ஒரு வழி காட்டுகிறது. பழங்கட்டடங்களைப் பேணுவதற்காக 1964இல் வகுத்த வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி எழுந்தது அது. இருப்பதைப் பேணுவதே முதல் கடமை; மாற்றம் தேவையானால் அது மீளக்கூடியதாக இருக்கட்டும்; செய்ததை எழுதி வையுங்கள்; கழற்றிய உறுப்பை வண்டியோடு வைத்திருங்கள் என்பது அதன் சாரம்.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் முதல் கேள்விக்கு விடை கிடைக்கிறது. இருவழிப் பிரேக் பொருத்திய, ஆனால் பழைய எஞ்சினும் கியர்களும் பழுது நீங்கி ஓடும் பவர் வேகன் அதே வண்டிதான். அதன் கீறல்கள் குறையல்ல. நானூறு குதிரைத் திறனும் தோல் இருக்கையும் கொண்ட வண்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும், வேறு வண்டி.

நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிக்கு இறுதித் தேர்வு கண்காட்சி மண்டபத்தில் இல்லை. சேறு நிறைந்த ஒரு மேட்டுப் பாதையில் இருக்கிறது. அங்கே தாழ்நிலைக் கியரில், மனிதன் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, 94 குதிரைத் திறன் நான்கு டன்னை மெல்ல மேலேற்றும். அந்தக் காட்சியைக் காணும் மாணவன் நெம்புகோல் விதியையும் உராய்வையும் ஒருங்கே புரிந்துகொள்வான். அவன் காண்பதற்காக அந்த வண்டி மிஞ்சியிருக்க வேண்டும்.