மாஸ்டரும் கல்லாப்பெட்டியும்

2020 ஆகஸ்ட் 15. நள்ளிரவு தாண்டி அரை மணி. சுதந்திர தினம் பிறந்த கையோடு, ஊரடங்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நான் டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். லிஸ்பனில் ஆளே இல்லாத ஸ்டேடியம். சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. ஒரு பக்கம் பார்சிலோனா, மறு பக்கம் பயர்ன் ம்யூனிக். ரெண்டரை மணிவாக்கில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தபோது ஸ்கோர் 8-2. அச்சுப் பிழை இல்லை சார். எட்டு வாங்கியது பார்சிலோனாதான்.

தோல்வியைக்கூட விடுங்கள். அன்றைக்கு பயர்ன் சட்டை போட்டு ஆடிய ரெண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் தியாகோ. பார்சிலோனாவின் சொந்தப் பள்ளியில் வளர்ந்த பையன். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு யோசிக்கத் தெரிந்தவர். 2013-ல் அவரைப் போதுமான நிமிடங்கள் ஆட வைக்காமல் விட்டதில் ஒப்பந்தப்படி அவருடைய விலை இறங்கிப்போக, ரெண்டரைக் கோடி யூரோவுக்கு பயர்ன் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொருவர் கூட்டின்யோ. 2018 ஜனவரியில் பார்சிலோனா 12 கோடி யூரோவும் அதற்கு மேலும் பேசி வாங்கி, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பயர்னுக்கே இரவல் கொடுத்த ஆள். கடைசிக் கால் மணி நேரத்தில் உள்ளே வந்தார். தன் சம்பள முதலாளிக்கே ரெண்டு கோல் போட்டார்.

வளர்த்ததை விற்றார்கள். வாங்கியதை இரவல் கொடுத்தார்கள். ரெண்டும் சேர்ந்து வந்து அடித்தது.

மூன்றே நாளில் கோச் கிகே செத்தியென் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வேடிக்கை என்னவென்றால், பாவம், மனிதர் யோஹான் க்ரைஃப்பின் பரம பக்தர். 'பார்சிலோனா பாணியை மீட்பார்' என்றுதான் ஏழு மாதம் முன்னால் கூட்டி வந்தார்கள். நம் ஆட்களும் அதையேதான் பேசினார்கள்: 'கோச் சரியில்லை.' இன்னும் சிலர், 'பார்சிலோனாவின் டி.என்.ஏ. கெட்டுவிட்டது' என்றார்கள்.

எனக்கு இந்த டி.என்.ஏ. பேச்சே ஆகாது. டி.என்.ஏ. என்றால் பிறவியிலேயே வருவது, தானாக அடுத்த தலைமுறைக்குப் போவது. ஒரு கால்பந்து க்ளப்பின் ஆட்டப் பாணி அப்படித் தானாகப் போவதில்லை. யாரோ ஒருவர் கண்டுபிடிக்கிறார். இன்னொருவர் அதற்குத் தினமும் காசு கட்டுகிறார். காசு நின்றால் பாணியும் நின்றுவிடும். அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் முப்பது வருஷமாக ஒரே ருசியில் சாம்பார் ஊற்றுகிற மெஸ் ஒன்று இருக்கும். 'மாஸ்டர் கை அப்படி' என்போம். ஆனால் அந்த முப்பது வருஷத்தில் மாஸ்டர் நாலு பேர் மாறியிருப்பார். ருசி மாறவில்லை என்றால் காரணம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். பருப்பு விலை ஏறினாலும் மட்டப் பருப்பு வாங்காதவர். பாத்திரம் கழுவ வந்த பையனை மாஸ்டர் பக்கத்தில் நிற்க வைத்துப் பழக்கியவர். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பில் கொடுக்கும்போது பார்ப்பதோடு சரி.

பார்சிலோனா கதையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் ஜோசப் லூயிஸ் நூனியெஸ். கட்டட கான்ட்ராக்டர். 1978-லிருந்து 2000 வரை, 22 வருஷம் தலைவர். இந்த க்ளப்புக்குத் தனி முதலாளி கிடையாது. சந்தா கட்டும் உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 1988 ஏப்ரலில் அவருடைய வீரர்களே ஒரு ஹோட்டலில் கூடி, 'நீ ராஜினாமா செய்' என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். நாற்காலி ஆடுகிறது. என்ன செய்வது? ஜனங்களுக்குப் பிடித்த ஒரு பெயர் வேண்டும். 1973-ல் வீரராக வந்து, அடுத்த வருஷமே 14 வருஷம் காணாத லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்த க்ரைஃப்பைக் கோச்சாகக் கூப்பிட்டார்.

ஆக, உலகமே வியந்த ஒரு பாணி அழகுணர்ச்சியில் பிறக்கவில்லை. பதவியைக் காப்பாற்றிக்கொள்ளப் பிறந்தது. சரித்திரம் பெரும்பாலும் இப்படித்தான்.

க்ரைஃப் கொண்டுவந்தது என்ன? ஹாலந்தின் அயாக்ஸில் ரினுஸ் மிஷெல்ஸிடம் படித்த பாடம். சுருக்கமாகச் சொன்னால்: பந்து நம்மிடம் இருந்தால் எதிராளி கோல் போட முடியாது. மைதானத்தை அகலமாக்கு. எப்போதும் முக்கோணமாக நில். பந்தை வைத்திருப்பவனுக்கு ரெண்டு வழியாவது திறந்திருக்கட்டும். கோல்கீப்பரும் காலால் ஆடத் தெரிந்தவனாக இருக்கட்டும். இதற்கான பயிற்சிக்குப் பெயர் ரோண்டோ. வட்டமாகச் சிலர் நின்று பந்தைத் தட்டிக்கொண்டே இருக்க, நடுவில் ஒருவரோ இருவரோ பிடிக்க ஓட வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் நாம் ஆடிய அதே ஆட்டம்தான். ஆனால் அதில் பார்வை, உடல் திருப்பம், முதல் தொடுகை எல்லாம் இருக்கிறது.

முக்கியமான காரியம் இதற்கு அப்புறம் வருகிறது. பெரிய அணி எப்படி ஆடுகிறதோ, அதே மாதிரிதான் சின்னப் பையன்கள் அணிகளும் ஆட வேண்டும் என்றார். 1979-ல் நூனியெஸ் காலத்தில், 1702-ல் கட்டிய ஒரு பழைய பண்ணை வீட்டில் வெளியூர்ப் பையன்கள் தங்கிப் படிக்க ஏற்பாடு நடந்திருந்தது. லா மாசியா என்று பெயர். அங்கிருந்து குச்சி மாதிரி ஒரு பையனைப் பிடித்து, 1990 டிசம்பரில் பெரிய அணியில் இறக்கினார். வேகம் கிடையாது, உடம்பு கிடையாது, பந்து வருமுன்பே அடுத்த பாஸ் எங்கே என்று தெரியும். அந்தப் பையன் பெப் கார்டியோலா.

க்ரைஃப்பின் முதல் ரெண்டு சீசனிலும் லீக் கோப்பை ரியல் மாட்ரிடுக்கே போனது. 'துரத்து' என்று சத்தம் எழுந்தது. நூனியெஸ் துரத்தவில்லை. பலன்? 1991-லிருந்து 94 வரை தொடர்ந்து நாலு லீக். 1992 மே 20, வெம்ப்ளியில் க்ளப்பின் முதல் ஐரோப்பியக் கோப்பை.

ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. 1996-ல் க்ரைஃப்பைக் கசப்போடு அனுப்பிவைத்தார் நூனியெஸ். ஆனால் கவனியுங்கள், 1997-ல் யாரைக் கொண்டுவந்தார்? அதே அயாக்ஸிலிருந்து வந்த லூயி வான் ஹால். ஷாவியை 1998-லும் பியோலை 1999-லும் பெரிய அணிக்கு ஏற்றியவர் அவர்தான். ஆளைத் துரத்தினார், பாணியைத் துரத்தவில்லை. நூனியெஸ் நல்லவரா கெட்டவரா என்பது வேறு விவகாரம். கல்லாவில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

2008-ல் இன்னொரு பரீட்சை. அன்றைய தலைவர் ஜொவான் லாபோர்ட்டா முன்னால் ரெண்டு பேர். ஒருவர், அப்போதே ஐரோப்பியக் கோப்பை ஜெயித்துக் காட்டிய ஜோஸே மொரின்யோ. இன்னொருவர், நாலாம் டிவிஷனில் ஆடிய பார்சிலோனா 'பி' அணிக்கு ஒரே ஒரு வருஷம் கோச்சாக இருந்த 37 வயது கார்டியோலா. நீங்கள் முதலாளியாக இருந்தால் யாரை எடுப்பீர்கள்? நான் மொரின்யோவைத்தான் எடுத்திருப்பேன். அதனால்தான் நான் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்!

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2009-ல் ஆறு கோப்பை. 2010-ல் உலகின் சிறந்த வீரருக்கான இறுதிப் பட்டியலில் மூன்று பேர்: மெஸ்ஸி, இனியெஸ்தா, ஷாவி. மூவரும் அந்தப் பண்ணை வீட்டுப் பள்ளியின் பிள்ளைகள். 2012 நவம்பர் 25-ல் லெவான்டேக்கு எதிராக ஒரு கட்டத்தில் மைதானத்தில் நின்ற பதினோரு பேரும் லா மாசியாவில் தேறியவர்கள். 4-0 ஜெயித்தார்கள்.

அப்படியானால் எட்டு எப்படி வாங்கினார்கள்?

இங்கேதான் என் வாதம். ஒரு பாணி தோற்கும்போது சாவதில்லை. ஜெயிக்கும்போதுதான் சாகிறது. தோற்றால் எல்லோரும் கேள்வி கேட்பார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது, 'அடுத்த ஷாவி எங்கே தயாராகிறான்?' என்று யார் கேட்பது? 2015-ல் மெஸ்ஸி, சுவாரெஸ், நெய்மார் மூவரும் கோல் மழை பொழிந்து மூன்று கோப்பை வாங்கினார்கள். அந்த மழையில் நடுக்களம் வற்றியது தெரியவில்லை. ஷாவி அதே வருஷம் போனார். இனியெஸ்தா 2018-ல் போனார். 2017-ல் நெய்மாரை 22 கோடியே 20 லட்சம் யூரோவுக்கு பாரிஸ் கொத்திக்கொண்டு போனதும், கையில் வந்த காசு சுட்டது. டெம்பெலே, கூட்டின்யோ என்று வாரி இறைத்தார்கள். அன்றைய தலைவர் ஜோசப் மரியா பார்தொமேயு. பாணியைப் பற்றிப் பேசுவதில் குறை வைக்காதவர்கள், அதைப் பயிற்றுவிக்கும் இடத்தை மறந்தார்கள். 2021 ஆகஸ்டில் மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள வழியில்லை. க்ளப்பின் கடன் 135 கோடி யூரோ என்றார்கள்.

இதற்கு எதிர்க் கட்சியும் உண்டு. 'எல்லாம் மாஸ்டர் கையில்தான் சார். கார்டியோலா எங்கே போனாலும் அதே ஆட்டம்தானே?' வாஸ்தவம். ஆனால் மான்செஸ்டரைப் பாருங்கள். ஒரே ஊர், ரெண்டு க்ளப். யுனைடெட்டில் அலெக்ஸ் ஃபெர்குஸன் 26 வருஷம் ஆண்டார். 2005-ல் கிளேஸர் குடும்பம் கடன் வாங்கி க்ளப்பை வாங்கி, அந்தக் கடனை க்ளப் தலையிலேயே கட்டியது. ஃபெர்குஸன் இருந்தவரை வெளியே தெரியவில்லை. 2013-ல் அவர் ஓய்வு பெற்றார். பிறகு மோயஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷார், டென் ஹாக் என்று ஆளுக்கு ஒரு பாணி, ஆளுக்கு ஒரு ஷாப்பிங் லிஸ்ட். மாஸ்டரோடு ருசியும் போய்விட்டது.

சிட்டியில் வரிசையே வேறு. அபுதாபி முதலாளிகள் 2012-லேயே பார்சிலோனாவின் பழைய நிர்வாகிகளான சொரியானோவையும் பெகிரிஸ்தைனையும் அழைத்து வந்தார்கள். 2014-ல் இளைஞர்களுக்கான பெரிய பயிற்சி மைதானங்களைத் திறந்தார்கள். 2016-ல்தான் கார்டியோலா வந்தார். முதலில் அடுப்பு, அப்புறம் மாஸ்டர். அவர்கள் பணம் வந்த வழி, செலவழித்த விதம் பற்றியெல்லாம் எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் வரிசை சரி.

கடைசியாக ஒரு காட்சி. 2011 டிசம்பர் 10. மாட்ரிடின் பெர்னபேயு ஸ்டேடியம். ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. பார்சிலோனா கோல்கீப்பர் விக்டர் வால்டெஸ் பந்தைக் காலால் தட்டிக் கொடுக்கப் பார்க்க, அது நேராக எதிராளியிடம் போய், பென்ஸெமா கோல் போட்டுவிட்டார். 80 ஆயிரம் பேர் ஊளையிடுகிறார்கள். அடுத்த தடவை பந்து காலுக்கு வந்ததும் வால்டெஸ் என்ன செய்தார்? நாமாக இருந்தால் ஓங்கி உதைத்து அடுத்த தெருவுக்கு அனுப்பியிருப்போம். அவர் திரும்பவும் பக்கத்தில் இருந்தவனுக்கு நிதானமாகத் தட்டிக் கொடுத்தார். ஆட்டம் முழுக்க அப்படியே. பார்சிலோனா 3-1 ஜெயித்தது.

பாணி என்பது இதுதான். அழகாக ஆடுவது அல்ல. அதனால் ஒருமுறை அடிபட்ட பிறகும் அதையே ஆடுவது. அந்தத் தைரியத்தைக் கோச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் ஒரு தப்புக்காகத் தலையைக் கேட்காத மேலிடம் இருந்தால்தான் அது காலில் நிற்கும்.

சரி, பார்சிலோனாவின் மேலிடம் யார்? உறுப்பினர்கள் என்று சொன்னேன் இல்லையா? சுத்தமான ரசிகர்கள். 2015 ஜூலையில், மூன்று கோப்பை வந்த சூடு ஆறும் முன்னால், லாபோர்ட்டாவைத் தள்ளிவிட்டு பார்தொமேயுவைப் பாதிக்கு மேற்பட்ட ஓட்டில் ஜெயிக்க வைத்தவர்கள் அவர்களேதான். யாரும் ஏமாற்றவில்லை. கோப்பையைப் பார்த்தார்கள், சமையலறையை எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு 2021-ல் திரும்பி வந்த லாபோர்ட்டாவும் சும்மா இல்லை. டி.வி. உரிமையில் கால் பங்கை 25 வருஷத்துக்கு விற்று ஆள் வாங்கினார். அந்தக் காசும் தீர்ந்த பிறகுதான் பழைய அடுப்பைத் தேடினார்கள். 2023 ஏப்ரலில் லாமின் யமால் என்ற பையன் களத்தில் இறங்கினான். வயது 15. லா மாசியா. இறக்கிய கோச் ஷாவி. 2025-ல் லீக் கோப்பை வந்தது. அடுப்பு அணைந்து போகவில்லை. சாம்பல் மூடிக் கிடந்திருக்கிறது.

ஆகவே அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த அணி தோற்றால், 'கோச்சைத் தூக்கு' என்று கத்துமுன் ஒரு நிமிஷம் பொறுங்கள். ஜெயித்தால் இன்னும் ஒரு நிமிஷம் அதிகமாகப் பொறுங்கள். அப்போதுதான் கல்லாவில் இருப்பவர் மட்டப் பருப்பு வாங்க ஆரம்பித்திருப்பார்.