ஸ்டாட்டிக் போட்டாச்சு சார்

"மெஷின் ஓடுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்ற வாதத்துக்கு எதிரே நம் அலுவலகங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. தானாக முகவரி வாங்கிக்கொள்ள வேண்டிய கணினி வாங்காமல் நின்றுவிடுகிறது. டெக்னீஷியன் வந்து ரிலீஸ், ரினியூ என்று இரண்டு கட்டளை அடித்துப் பார்க்கிறார். அதற்கும் அசையவில்லை என்றால் பக்கத்து மேசைக் கணினியின் ஐபி முகவரியைப் பார்த்து, கடைசி எண்ணை மட்டும் மாற்றி, இந்தக் கணினியில் கையால் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார். இன்டர்நெட் வருகிறது, டாலி திறக்கிறது, பிரிண்டர் வேலை செய்கிறது, புகார் முடிந்தது. இதைக் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் இப்போது அதற்குக் கொள்கை விளக்கமே கிடைக்கிறது: பயனர் காத்திருக்கக் கூடாது, எத்தனை நிமிடத்தில் புகார் மூடப்பட்டது என்பதுதான் சேவையின் அளவுகோல், காரணத்தைப் பிறகு ஆராயலாம். அந்தப் 'பிறகு' என்றைக்கும் வருவதில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். என் புகார் அதைவிடக் கடுமையானது. அடுத்த பழுதை உண்டாக்குவதே இந்த வைத்தியம்தான்.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். சர்வர், ஃபயர்வால், சுவிட்ச் போன்றவற்றுக்கு மாறாத முகவரி வேண்டும். அங்கே கையால் எழுதுவதுதான் முறை. பிரிண்டருக்கும் கேமரா பதிவுப் பெட்டிக்கும்கூட அப்படிச் செய்வதில் பெரிய குற்றமில்லை, முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி சர்வரிலேயே அவற்றின் பெயரில் முகவரியை ஒதுக்கிவைப்பது மேல் என்றாலும். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் அனுப்ப வேண்டிய கணினி ஒரு மணி நேரம் இப்படிக் கையால் எழுதிய ஸ்டாட்டிக் முகவரியில் ஓடினால் குடி மூழ்கிவிடாது. ரிலீஸ், ரினியூ அடித்தவுடன் கணினி சரியாகிவிடும் நாட்களும் உண்டு. இவ்வளவுதான் இந்த வழக்கத்துக்குச் சாதகமாகச் சொல்ல முடிந்தது.

டிஹெச்சிபி தோற்றுப்போன கணினி சும்மா தோற்பதில்லை; ஒரு தகவலை விட்டுவிட்டுத்தான் தோற்கிறது. 169.254 என்று தொடங்கும் முகவரியைத்தான் சொல்கிறேன். விண்டோஸ் 98 காலத்திலிருந்து இருக்கிற இந்த ஏற்பாடு 2005இல் ஆர்எஃப்சி 3927 என்ற பொது வரையறையாகவும் ஆனது. கேட்டு யாரும் பதில் தராதபோது கணினி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது. பலர் இதைப் பிழைச் செய்தியாக மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் பாதி விசாரணை அதிலேயே முடிந்திருக்கிறது. கேபிள் கழன்றிருந்தால் விண்டோஸ் அதை வேறு சொற்களில் சொல்லியிருக்கும்; இந்த எண் வந்திருக்காது. ஆக, நெட்வொர்க் கார்டு உயிரோடு இருக்கிறது, சுவிட்ச் வரை இணைப்பு இருக்கிறது, கணினி முகவரி கேட்டிருக்கிறது, ஏற்கத்தக்க பதில்தான் வரவில்லை. மிச்சமிருக்கும் சந்தேகங்கள் சில: சர்வர் நின்றுபோயிருக்கலாம், முகவரிகள் தீர்ந்திருக்கலாம், சர்வர் வேறு பிரிவில் இருந்து, கேள்வியை அங்கே கொண்டுசேர்க்கும் ரிலே அமைப்பு விட்டுப்போயிருக்கலாம், சுவிட்ச் போர்ட் தவறான விலானில், அதாவது நெட்வொர்க்கின் வேறொரு பிரிவில், இருக்கலாம். அல்லது சுவிட்ச் தன் ஸ்பானிங் ட்ரீ சோதனைக்காக அந்தப் போர்ட்டை வழக்கமான 30 விநாடி நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் கணினி கேட்டு, பதிலில்லாமல் ஒதுங்கியிருக்கலாம். இந்தப் பட்டியலை மேலும் சுருக்க எந்தக் கருவியும் வேண்டாம். இந்த ஒரு கணினி மட்டும்தானா, இந்த வரிசை முழுவதுமா என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டாலே பாதி குறைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் கையால் எழுதும் முகவரிக்கு ஒரு நியாயமான பயன் இருக்கிறது. அதைத்தான் வழக்கமாக வீணாக்குகிறார்கள். அதே பிரிவின் முகவரி ஒன்றை எழுதிப் பார்த்து கணினி வேலை செய்தால், கேபிள், போர்ட், விலான், கேட்வே நான்கும் சரி என்பது ஒரே அடியில் நிரூபணமாகிறது. சர்வரோ, முகவரிக் குவியலோ, இடையிலுள்ள ரிலேயோ, போர்ட் தாமதமோ மட்டும்தான் இனி குற்றவாளியாக இருக்க முடியும். வேலை செய்யவில்லை என்றால் அதற்கு நேர்மாறு: டிஹெச்சிபியைக் குற்றம் சொல்லாதே, விலானைப் பார் என்று அர்த்தம். சோதனை என்ற அளவில் இதைவிட மலிவானதும் கூர்மையானதும் கிடையாது. ஆனால் நடப்பது என்ன? சோதனை வெற்றி பெற்ற அதே கணத்தில், பழுது எங்கே என்று முதல்முறையாகத் தெரியவந்த அதே கணத்தில், விசாரணையை மூடிவிடுகிறார்கள். சோதனை முகவரியே நிரந்தர முகவரியாகிவிடுகிறது. போர்ட் தாமதம்தான் காரணம் என்றால் சுவிட்சில் ஒரு வரி மாற்றினால் அந்த மாடி முழுவதும் தீர்ந்திருக்கும். விண்டோஸ் சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக மறுபடி கேட்டுப் பார்க்கும் என்பதால், ஒன்றும் செய்யாமல் டீ குடித்துவிட்டு வந்திருந்தாலே இந்த ஒரு கணினியாவது சரியாகியிருக்கும்.

எழுதிய முகவரி அதன் பிறகு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 192.168.1 என்ற பிரிவில் 100 முதல் 199 வரை வழங்குவதற்கு என்று வைத்திருக்கும் ஒரு சாதாரண அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். டெக்னீஷியன் 150ஐ எழுதிவிட்டார். இது சர்வருக்குத் தெரியாது. அதன் கணக்கில் 150 இன்னும் காலி. விண்டோஸ் டிஹெச்சிபி சர்வரில், கொடுக்கும் முன் அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் யாரும் மாற்றாதவரை அதன் எண்ணிக்கை பூஜ்யம், அதாவது தட்டிப் பார்ப்பதே இல்லை. எனவே புதிதாக வரும் மடிக்கணினிக்கு அது 150ஐத் தூக்கிக் கொடுக்கிறது. மடிக்கணினி சோதித்து, ஏற்கெனவே ஆள் இருப்பதைக் கண்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறது. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2131 சொல்லும் முறையே அதுதான். சர்வர் அந்த எண்ணை 'பேட் அட்ரஸ்' என்று குறித்து ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கொடுக்கிறது. யாருக்கும் எதுவும் தெரியாது, யாரும் புகார் செய்வதில்லை, குவியலில் மட்டும் ஒன்று குறைந்துவிட்டது. இப்படிப் பத்துப் பதினைந்து சேரட்டும். கூடவே, வந்துபோகிறவர்களின் கைபேசிகளும் முகவரி வாங்கிப்போகும்; விண்டோஸ் சர்வரில் யாரும் கைவைக்காத குத்தகைக் காலம் 8 நாள் என்பதால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனவர் வாங்கிய முகவரியும் அடுத்த வாரம்வரை திரும்பாது. ஒரு திங்கட்கிழமை காலை குவியல் வறண்டுபோகிறது. கடைசியாக வந்தவருக்கு 169.254. உடனே டெக்னீஷியன் வருகிறார், பக்கத்துக் கணினியைப் பார்க்கிறார், இன்னொரு முகவரியைக் கையால் எழுதுகிறார். இதன் மறுபக்கம் இன்னும் வேடிக்கை. 150ஐ எழுதிய கணினி விடுமுறையில் அணைந்திருந்த நேரத்தில் சர்வர் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், திரும்ப வந்து உயிர் பெறும் கணினி மோதலைக் கண்டுபிடித்து, கையால் எழுதியதைக் கைவிட்டு, விண்டோஸில் அதே 169.254க்குப் போய் நிற்கிறது. ஸ்டாட்டிக் போட்ட கணினிக்கே எப்படி இந்த எண் வந்தது என்று அப்போது எல்லோரும் விழிப்பார்கள்.

பிங் அடித்துப் பார்த்து, பதில் வராத முகவரியைத்தான் எழுதுகிறோம் என்பார்கள். பிங்குக்குப் பதில் வரவில்லை என்றால் அந்தக் கணம் யாரும் பதில் சொல்லவில்லை என்று மட்டுமே பொருள். அணைத்து வைத்த மடிக்கணினி பதில் சொல்லாது, அதன் குத்தகை சர்வரில் உயிரோடு இருக்கும். விழித்திருக்கும் விண்டோஸ் கணினிகளிலும் ஃபயர்வால் பல நேரம் பிங்கை மறித்துவிடும். வழங்கும் வரம்புக்கு வெளியே எடுத்து, எக்செல் பட்டியலில் குறித்துவைக்கிறோம் என்பார்கள் இன்னும் கொஞ்சம் ஒழுங்கானவர்கள். இது மேலான வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலைப் பராமரிக்கும் பொறுமையும் வரம்பைத் தெரிந்துகொள்ளும் அனுமதியும் உள்ளவர், அதே சர்வரில் அந்தக் கணினிக்கு ஓர் ஒதுக்கீடு போட்டுவிட்டுப் போகலாமே? வேலை அதே அளவுதான். விவரம் சர்வரிலேயே இருக்கும். இன்னொரு வாதமும் அவ்வப்போது வருகிறது: எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்கில் வைத்தால் வெளியாள் கேபிளைச் செருகினாலும் உள்ளே வர முடியாது, பாதுகாப்பு என்று. நெட்வொர்க்கில் சேர்ந்து சில நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே எந்தப் பிரிவு, எவை புழக்கத்தில் உள்ளன என்பது எவருக்கும் தெரிந்துவிடும். காலியான ஒன்றை அவரும் எழுதிக்கொள்வார். முகவரி பூட்டு அல்ல. பூட்டு வேண்டுமென்றால், ஆளைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடும் 802.1எக்ஸைச் சுவிட்சில் போட வேண்டும்.

முகவரி மட்டும்தான் கையால் எழுதப்படுகிறது என்றாலாவது சேதம் ஓர் எல்லையில் நிற்கும். கூடவே டிஎன்எஸ் பெட்டியையும் நிரப்ப வேண்டியிருப்பதால், எல்லோருக்கும் மனப்பாடமான 8.8.8.8 அங்கே போய் உட்கார்கிறது. இணையதளங்கள் திறக்கும், ஆகவே எல்லாம் சரி என்று தோன்றும். அலுவலகம் ஆக்டிவ் டைரக்டரியில் இயங்குவதாக இருந்தால், தன் டொமைன் கன்ட்ரோலர் எங்கே என்பதை அந்தக் கணினி அலுவலக டிஎன்எஸ் சர்வரிடம்தான் கேட்டாக வேண்டும். கூகுளின் சர்வருக்கு உங்கள் அலுவலகத்தின் உள்பெயர்கள் தெரியாது. லாகின் இழுத்தடிக்கும், பாலிசி வந்துசேராது, பகிர்ந்த டிரைவ் ஒருநாள் திறக்கும் ஒருநாள் திறக்காது. இவற்றை யாரும் மூன்று மாதத்துக்கு முன்பு எழுதிய ஐபியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பிறகு ஃபயர்வாலை மாற்றுகிறார்கள், கேட்வே மாறுகிறது. தானாக முகவரி வாங்கும் கணினிகள் குத்தகையின் பாதிக் காலத்தில் புதுப்பிக்கும்போதே புது விவரத்தையும் எடுத்துக்கொள்கின்றன. கையால் எழுதியவை பழைய வாசலையே தட்டிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒருவர் நேரில் போய்த் திருத்தும்வரை.

டிஹெச்சிபியே குறையற்றது என்று நான் வாதாடவில்லை. 1993இல் வகுக்கப்பட்ட அந்த முறையில், பதில் சொல்பவர் உண்மையான சர்வர்தானா என்று கணினி சரிபார்ப்பதே இல்லை. 2001இல் அதற்கென்று எழுதப்பட்ட ஆர்எஃப்சி 3118 நடைமுறையில் எடுபடவில்லை. வீட்டு வைஃபை ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் லேன் துளையைச் சுவரில் செருகினால் போதும், அது அலுவலகம் முழுவதற்கும் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். ஆனால் இதைச் சொல்லி ஸ்டாட்டிக்கை நியாயப்படுத்துகிறவர்கள், அந்தத் திருட்டு ரௌட்டர் மாதக்கணக்கில் பிடிபடாமல் இருப்பதற்குத் தாங்களே துணைபோவதைக் கவனிப்பதில்லை. தவறான முகவரி வாங்கிய கணினியில் ஐபிகான்ஃபிக் கட்டளையை முழு விவரத்தோடு ஓட்டினால், எந்தச் சர்வர் இதைக் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று தனித்தனி வரிகள் இருக்கும். அந்தச் சர்வரின் மேக் முகவரியைப் பார்த்து, சுவிட்சின் பட்டியலில் தேடினால், எந்தப் போர்ட், எந்த மேசை என்பதுவரை போய்விடலாம். ரிலீஸ் அடித்த மறுநொடி அந்த வரிகள் போய்விடுகின்றன. அதன் மேல் ஸ்டாட்டிக்கும் எழுதிவிட்டால் அந்தக் கணினி இனி சாட்சி சொல்லவே முடியாது. பழுது பார்க்க வந்தவர் முதலில் செய்வது தடயத்தை அழிப்பது என்றால், அதைப் பழுது பார்ப்பது என்று எப்படிச் சொல்வது? நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி இருக்கிறது, நம்பகமான போர்ட் தவிர வேறெங்கிருந்து வரும் வழங்கல்களையும் அது மறித்துவிடும். அதை யாராவது போய் இயக்கிவைக்க வேண்டும். ஸ்டாட்டிக்கிலேயே வண்டி ஓடும் அலுவலகத்தில் அதற்கு அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை.

இதில் டெக்னீஷியனை மட்டும் திட்டிப் பயனில்லை என்பது உண்மை. ஏஎம்சி ஒப்பந்தத்தில் வருகிறவருக்குக் கணினியின் பாஸ்வேர்ட் கொடுக்கிறார்கள், சர்வருடையதைக் கொடுப்பதில்லை; ரௌட்டரின் பாஸ்வேர்ட் பழைய விற்பனையாளரோடு போயே போய்விட்டது. கை எட்டுகிற இடத்தில்தான் கைவைக்க முடியும். ஆனால் கை எட்டாத இடத்தில் பழுது இருக்கிறது என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுத எந்தப் பாஸ்வேர்டும் தேவையில்லை. அந்த ஒரு வரியை எழுதாமல் புகாரை மூடுவதற்கு வேகம் என்று பெயர் சூட்டிப் பாராட்டும் நிர்வாகங்கள்தான் முதல் குற்றவாளி. அலுவலகப் பொறுப்பாளர்களுக்கு ஒன்று சொல்வேன். விண்டோஸ் டிஹெச்சிபி சர்வர் வைத்திருப்பவர்கள், சிஸ்டம்32க்குள் இருக்கும் டிஹெச்சிபி ஃபோல்டரைத் திறக்கச் சொல்லுங்கள். முகவரி கேட்டவர் யார், கொடுத்தது எது என்பதெல்லாம் கிழமைவாரியாக அங்கே பதிவாகிறது. குவியல் தீர்ந்ததால் மறுக்கப்பட்ட கேள்வி 14 என்ற எண்ணோடு நிற்கும், முகவரி ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால் 13. கிழமைக்கு ஒரு கோப்புதான். அடுத்த திங்கள் வந்ததும் இந்தத் திங்களின் கோப்பு மேலெழுதப்பட்டுவிடும். பார்ப்பதானால் இந்த வாரமே பாருங்கள்.