வாண்டுகளோடு பாண்டி

பாண்டிக்குப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் மணக்குள விநாயகர், ஆசிரமம், சுண்ணாம்பாறு படகு, ஆரோவில், பீச் என்று ஐந்தையும் ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்கின்றன. சாயங்காலம் காந்தி சிலைப் பக்கம் நின்றால் அதன் விளைவு தெரியும். அப்பா தோளில் பிள்ளை தூங்கி வழியும். அம்மா கையில் பாதி தின்ற ஐஸ்கிரீம் ஒழுகும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் ஒரு வேளைக்கு ஓர் இடமே அதிகம். அந்த இடத்திலும் கையால் செய்ய ஏதாவது இருக்கவேண்டும். வெறுமனே வேடிக்கை பார்க்கச் சொன்னால் கால்மணி நேரத்தில் சிணுங்கல் ஆரம்பித்துவிடும்.

என்னைக் கேட்டால் முதல் இடம் படேல் சாலையில் இருக்கும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்சாலை. 1959-லிருந்து நடக்கிறது. பருத்தித் துணிக் கழிவைப் பொடிசாக வெட்டி, தண்ணீர் விட்டு அரைத்துக் கூழாக்குகிறார்கள். நீங்கள் பிள்ளையோடு போய் நிற்கவேண்டியது கூழ்த் தொட்டியின் பக்கத்தில். சல்லடைச் சட்டத்தை உள்ளே அமிழ்த்தி, லேசாக அசைத்து மேலே தூக்குவார்கள். தண்ணீர் வடிந்ததும் சட்டத்தின்மேல் பாலாடைபோல ஒரு படலம் தங்கும். அதைத் துணிமேல் கவிழ்த்து எடுத்தால், ஈரமான ஒரு தாள்! எத்தனை முறை பார்த்தாலும் பிள்ளைகளுக்கு அலுக்காது. இழுத்துக்கொண்டு வராதீர்கள். அழுத்துவதும் உலர்த்துவதும் மெதுவான வேலைகள். அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். தண்ணீர்மேல் சாயத்தை மிதக்கவிட்டு, தாளைப் படுக்கவைத்து எடுக்கும் பளிங்குக் கோல வேலை அன்று நடந்தால் மட்டும் இன்னொரு முறை நில்லுங்கள். ஞாயிறு விடுமுறை. வேலை நடக்கும் நேரத்தைப் போனில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இதை வீட்டிலும் செய்துபார்க்கலாம். பழைய நோட்டுத் தாளைப் பிள்ளையே கிழிக்கட்டும். அந்த வேலையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ராத்திரி முழுக்க ஊறவைத்து, சமையலுக்கு எடுக்காத பழைய மிக்ஸி ஜாரில் அரைத்து (இது பெரியவர்கள் வேலை), அகலமான டப்பில் தண்ணீரோடு கலக்குங்கள். மாவு சலிக்கும் சல்லடையே சட்டம். சாமந்தி இதழ் நாலு தூவி, சல்லடையை அமிழ்த்தித் தூக்கி, பழைய வேட்டிமேல் கவிழ்த்து வெயிலில் போட்டால் மறுநாள் தாள் தயார். தடியாக, கோணலாகத்தான் வரும். கத்தரிக்கோலால் ஓரத்தைச் சீர்செய்யக் கிளம்பாதீர்கள்.

அடுத்தது தெரு. ஊரைப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி. தெருக்கள் நேர்க்கோடாகப் போவதால் சந்திக்குச் சந்தி நின்று ‘கடல் தெரியுதா?’ என்று கேட்டே பிள்ளையை நடக்கவைத்துவிடலாம். கையில் ஒரு கிரேயான் டப்பா கொடுங்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய நீலத் தெருப்பலகை, போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி என்று கண்ணில் பட்ட நிறத்தையெல்லாம் நோட்டில் ஒரு கட்டமாகத் தீட்டச் சொல்லுங்கள். மஞ்சளே நாலு விதம் கிடைக்கும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் வெயில் விடாது.

பாரதி பூங்காவில் மரநிழல் உண்டு. நடுவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபத்தின்முன் உட்காரவைத்துக் கதை சொல்லலாம். ஆயி என்ற பெண்ணின் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டான் ஒரு ராஜா. விஷயம் தெரிந்ததும் அவனுக்குக் கோபமான கோபம், இடிக்கச் சொல்லிவிட்டான். ஆயி அந்த வீட்டை இடித்துக் குளம் வெட்டினாளாம். பின்னால் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்தில் இருந்த அந்தக் குளத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக மண்டபம் எழும்பியது. கதை முடிந்ததும் மரப்பட்டைமேல் தாளை வைத்துக் கிரேயானைப் படுக்கையாகத் தேய்த்தால் பட்டையின் வரியெல்லாம் தாளில் ஏறும். உதிர்ந்த இலையிலும் இதைச் செய்யலாம். மண்டபத்துச் சுவரில் வேண்டாம்.

மாலையில் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள். ஓடுகிற பிள்ளையை ஓடவிடலாம். வெகுகாலம் கருங்கல் மட்டுமே இருந்த கரையில், கடலுக்கடியில் தடுப்பு போட்டபிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பியிருக்கிறது. மணல்வீடு கட்டுங்கள், அலையில் இறக்காதீர்கள். இழுப்பு பொல்லாதது.

மழை வந்தால் பூங்காவுக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகம் (திங்கள் விடுமுறை). எல்லா அறையும் வேண்டாம். பின்னாலிருந்து ஆள் தள்ள, உள்ளே உட்கார்ந்தவரே திருப்பி ஓட்டிய பூஸ்-பூஸ் வண்டியையும், அரிக்கமேட்டு மணிகளையும் மட்டும் காட்டுங்கள். ரோமானியரோடு வணிகம் நடந்த அந்த ஊரில் கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்தார்கள். இத்தனூண்டு மணியில் எப்படித் துளை போட்டார்கள் என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும்.

ஞாயிறாக இருந்தால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பாசிமணி வாங்கிக்கொள்ளுங்கள். கோக்க ஊசி தேவையில்லை, நூல் நுனியை மெழுகில் தோய்த்தால் விறைப்பாக நிற்கும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் மணி நேராக வாய்க்குத்தான் போகும். அவர்களுக்குப் பெரிய மக்ரோனியும் ஷூ லேசும் கொடுத்துப் பக்கத்திலேயே உட்காருங்கள். பாட்டி கழுத்துக்கு ஒரு மாலை எப்படியும் தேறிவிடும்.